முன் பல்லில் ஒரு பள்ளம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? அண்ணிக்கு இருமல் நின்றதா? கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. இனி என் கதை. பல் டாக்டரே, யாரையாவது நாற்காலியில் வாயைப் பிளக்க வைத்துவிட்டு இதைப் படிக்காதே, பாவம்.

கிடைத்துவிட்டது அண்ணா! புதுசு!

நேற்று படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் பாறையோரம் முங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓடில்லாத கடல் நத்தை ஒன்று. தண்ணீர் கலந்த பால் மாதிரி உடம்பு. முதுகு நிறைய மெல்லிய விரல்கள், ஒவ்வொரு நுனியிலும் ஆரஞ்சு மை தொட்டு வைத்தாற்போல். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு ஊதாக் கோடு. தண்ணீருக்குள்ளேயே கத்திவிட்டேன். வாயிலிருந்த குழாய் கழன்று உப்புத் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். மேலே வந்ததும் படகுக்காரர், "என்னம்மா, ஏதாவது கடிச்சிருச்சா?" என்று பதறினார். "இல்லண்ணே, நத்தை!" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆறு வருஷமாக நான் புதுசு புதுசு என்று குதிப்பதும், யாரோ ஒரு மீசைக்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பதும் உனக்குத் தெரியாததா? 'பழைய நத்தைக்காரி' என்று பட்டம் கொடுத்தவனே நீதானே. இந்தத் தடவை எல்லாப் புத்தகத்தையும் புரட்டிவிட்டேன். நெருங்கின சொந்தம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கோடு மஞ்சள். ஆனால் நிறத்தை மட்டும் காட்டினால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். உள்ளே பார்க்க வேண்டும்.

அம்மா பெயரை வைக்கப்போகிறேன். போன வருஷம் நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவளுக்குச் செய்ய இனி ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது ஒன்று இருக்கிறது.

இந்தத் தீவில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். அதனால் தபால் படகுதான் கதி. உடனே எழுது.

உன் தங்கை,
நண்டு

•

ஜனவரி 27

அன்புள்ள நண்டு,

அனைவரும் நலம். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு அப்பா நாலு மாடியும் ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அதிலும் ஒரு கோளாறு. நத்தை என்று சொல்ல வெட்கப்பட்டாரோ என்னவோ, "என் பொண்ணு கடல்ல ஒரு அட்டை கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாடி அம்மாள், "யாரோட அடையாள அட்டைங்க? போலீஸ்ல குடுத்தாச்சா?" என்று கேட்டாராம்.

நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா போனதிலிருந்து அப்பா என்னிடம் பேசியதெல்லாம் 'உம்', 'வேண்டாம்', 'தூங்கு' இந்த மூன்றுதான். இப்போது வாய் ஓயவில்லை. உன் கடிதங்களை அவர்தான் பிரிக்கிறார். என் கடிதங்களை அவர்தான் தபாலில் போடுகிறார். படிக்காமல் போடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். (அப்பா, வணக்கம்.)

உள்ளே பார்க்க வேண்டும் என்றாயே, எதைப் பார்ப்பீர்கள்?

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். அப்பா, அது அட்டை இல்லை, நத்தை! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எதைப் பார்ப்போம் என்று கேட்டாயே, சிரிக்காதே: பல்லை! நீயும் நானும் ஒரே தொழில்தான். உன் ஆட்கள் வாயைத் திறப்பார்கள், என் ஆட்கள் திறக்கமாட்டார்கள். அதனால் தலையைக் காரக் கரைசலில் போட்டுச் சதையைக் கரைத்துவிட்டுப் பல்லை மட்டும் எடுப்போம். நாக்கின் மேல் ஒரு நாடா, அதில் ஒற்றை வரிசையாகப் பற்கள். இதைக் கேள்: பின்னாலிருந்து புதுப் பல் முளைத்து வந்துகொண்டே இருக்கும், முன்னால் இருப்பது விழுந்துகொண்டே இருக்கும். ஆயுசு முழுக்க! மனுஷனுக்கும் அப்படி இருந்திருந்தால் உன் கிளினிக்கில் இந்நேரம் நீ ஈ ஓட்டிக்கொண்டிருப்பாய்.

இதில் ஒரு கூத்து. சந்தோஷத்தில் பாடிக்கொண்டே கழுவினேனா, நாடாவின் பின்பாதி அறுந்து தொட்டியோடு போய்விட்டது. போகட்டும், முன்பாதி பத்திரம். பல் பல்தானே.

அந்த மஞ்சள் கோட்டு சொந்தத்துக்குப் பல்லின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். நம்முடையதற்கு மொழுமொழுவென்று இருக்கிறது! ரம்பமே இல்லை! எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் பார்த்துவிட்டு, "இது போதும், எழுதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒரே நாளில் வந்து நான் பார்த்ததில்லை. ஏப்ரல் கடைசிக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

எழுதும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பெயர் அச்சேறிவிட்டால் அதை அழிக்கவே முடியாது. பிற்பாடு தப்பென்று தெரிந்தால், சரியான பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'செல்லாத பெயர்' என்று காலாகாலத்துக்கும் கிடக்கும். அம்மா பெயர் அப்படிக் கிடக்காது. பல் இருக்கிறதே சாட்சிக்கு!

நுண்ணோக்கியில் பார்த்து நானே வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பல் டாக்டர் பார்த்து மார்க் போடவும்.

நண்டு

•

மார்ச் 16

அன்புள்ள நண்டு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிளினிக்கில் கூட்டம். வெயிலும் ஏறிவிட்டது. மாடித் தண்ணீர்க் குழாய் உடைந்து, இரண்டு நாள் அந்தப் பாடு வேறு.

படம் அழகாக இருக்கிறது. கோடு சுத்தம். உன் கை அம்மாவின் கை.

நேற்று ஒரு தையல்காரர் வந்தார். வாயைத் திறந்ததும் எனக்கு அம்மா ஞாபகம். அம்மாவின் முன் பல்லில் நடுவில் ஒரு பள்ளம் இருக்குமே, நினைவிருக்கிறதா? மிஷினில் உட்கார்ந்து நூலைக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். நான் படிப்பு முடித்து வந்த புதிதில், "அடைச்சு விடறேன்மா, காசு வேண்டாம்" என்றேன். அதற்கு அவள், "அந்தப் பள்ளம் இருக்கறதாலதான்டா நூல் வழுக்காம நிக்குது. அதை அடைச்சிட்டு எனக்கென்ன கல்யாணமா பண்ணப்போறே?" என்றாள்.

அந்தப் பல்லைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

ஒரே ஒரு நத்தையின் பல்லைத்தான் பார்த்தாயா? வேறு கிடைக்காதா? சும்மா கேட்டேன்.

அப்பா குஷியாக இருக்கிறார்.

அண்ணன்

•

மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நலமா? ஒரு மாசம் தபால் படகைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கடைசியில் தண்ணீர்க் குழாய் கதையா எழுதுவாய்? என் பல்லைப் பற்றி 'கோடு சுத்தம்' என்று இரண்டே வார்த்தையா? மார்க் எங்கே?

போகட்டும், மன்னித்தேன். அம்மா பல்லைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்து அழுதுவிட்டேன். கல்யாணம் பேச்சைப் படித்து அழுகையோடு சிரிப்பும் வந்து, பக்கத்து மேஜைக்காரி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் கவுனுக்குப் பொத்தான் தைத்து முடித்ததும் நெஞ்சருகே குனிந்து 'டக்'கென்று கடிப்பாளே, அந்தச் சத்தம் கூடக் காதில் கேட்டது.

கட்டுரை முக்கால்வாசி ஆகிவிட்டது. இன்னொரு நத்தை கிடைக்கவில்லை. தேட நேரமும் இல்லை. தேவையும் இல்லை என்று நினைக்கிறேன். 'பற்களின் ஓரம் முழுவதும் வழவழப்பானது, இதுவே இவ்வினத்தின் தனி அடையாளம்' என்று எழுதி, அதை நானே பத்து தரம் வாசித்துக்கொண்டேன்.

இன்னும் மூன்று வாரத்தில் போய்விடும்! அப்பாவுக்கு முத்தம்.

நண்டு

•

ஏப்ரல் 9

அன்புள்ள நண்டு,

நலம். இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா பல்லை நினைத்து அழு என்று நான் சொல்லவில்லை. நினைத்துப் பார் என்றுதான் சொன்னேன். அம்மா பிறக்கும்போதே அந்தப் பள்ளத்தோடு பிறக்கவில்லை. பதினைந்து வயதில் அந்தப் பல் எப்படி இருந்திருக்கும்? என்னிடம் வருகிற கிழவர்கள் எல்லோருக்கும் பல் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் தனி இனமா?

அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை. உனக்குப் புரியும்.

அண்ணன்

பி.கு. – மகளே, இவன் எழுதியதை மூன்று தரம் படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதித் தாள் வெறுமையாகக் கிடக்க, இடமில்லை என்கிறான். நீ நிதானமாகப் படி. – அப்பா

•

ஏப்ரல் 21

அண்ணா,

இது கிளினிக் முகவரிக்கு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

நலமெல்லாம் அப்புறம். படித்ததும் புரியவில்லை. கட்டுரையை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை கையில் ஒட்டியது, பல்லால் சுரண்டினேன். அப்போதுதான் உறைத்தது. முன்பாதி! என்னிடம் இருப்பது முன்பாதி! தேய்ந்து விழக் காத்திருக்கிற பல்! ரம்பம் இல்லாமல் பிறந்ததா, ரம்பம் தேய்ந்துபோனதா என்று சொல்லக்கூடிய பின்பாதியைப் பாட்டுப் பாடிச் சாக்கடையில் விட்டவள் நான். 'பல் பல்தானே' என்று உனக்கே எழுதியிருக்கிறேனே. ஒரு பல் டாக்டருக்கு!

உறையைக் கிழித்துவிட்டேன். தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார். "நானும் கவனிக்கலியே" என்றார். அவ்வளவுதான்.

உன் மேல் கோபம். பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டாய், இல்லையா? ஏன் நேராகச் சொல்லவில்லை?

இன்னும் கொஞ்ச நாளில் கடல் குமுற ஆரம்பித்துவிடும். அதற்குள் இன்னொரு நத்தை வேண்டும். அதன் கடைசிப் பல்லில் ரம்பம் இருந்தால், இது மஞ்சள் கோட்டுக்காரனே ஊதாச் சட்டை போட்டு வந்ததுதான். அம்மா பெயர் இல்லை. அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

தினமும் முங்குகிறேன்.

நண்டு

•

மே 2

அன்புள்ள நண்டு,

கிளினிக்கிலிருந்து எழுதுகிறேன். இதை நானே தபாலில் போடுவேன்.

ஆமாம், பிப்ரவரியிலேயே பார்த்தேன். உன் படத்தில் கடைசிப் பல்லின் ஓரத்தில் லேசாக மேடு பள்ளம் தெரிகிறது. முன்னால் வர வர அது குறைந்துகொண்டே வந்து மறைந்துவிடுகிறது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருக்கிறாய். கை பொய் சொல்லவில்லை, கண்தான் அவசரப்பட்டுவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்றால், எழுத உட்காரும்போதெல்லாம் அப்பா எதிரே வந்து உட்கார்ந்து, நத்தை முதுகில் எத்தனை விரல் என்று கேட்பார். அம்மாவின் மிஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறி, துடைத்து வைத்திருக்கிறார். நான் எழுதும் ஒரு வரியில் அந்தத் துணி மறுபடி மிஷின் மேல் ஏறிவிடுமோ என்று பயந்தேன். கோழைதான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முங்கும்போது தனியாகப் போகாதே.

அண்ணன்

•

மே 24

அண்ணா! அண்ணா! அண்ணா!

இந்தக் கடிதத்தைக் கிளினிக்கில் படி, பிறகு வீட்டுக்குக் கொண்டுபோ, பிறகு நாலு மாடியும் ஏறி இறங்கு!

கடல் கலங்க ஆரம்பித்துவிட்டது. "இன்னிக்குத்தாம்மா கடைசி. நாளைக்குத் தங்கக் காசு குடுத்தாலும் படகை எடுக்கமாட்டேன்" என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். முங்கி முங்கி ஒன்றும் இல்லை. வெறுத்துப்போய் மேலே ஏறினேன். நங்கூரத்தை இழுத்தார். கயிறெல்லாம் நூல் நூலாக ஏதோ வளர்ந்து கிடந்தது. "சனியன், கயித்தைக் கெடுக்குது" என்று உருவி எறியப் போனார். உருவின கையில் ஆரஞ்சு! மூன்று நத்தைகள், அண்ணா, மூன்று! வெறிநாய் மாதிரி அவர் கை மேல் பாய்ந்தேன். ஆறு வருஷமாக நான் பாறையைத் தடவிக்கொண்டிருக்க, இதுகள் நான் தொற்றி ஏறும் கயிற்றிலேயே குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

இந்தத் தடவை பாடவில்லை. மூச்சே விடவில்லை. முழு நாடா வந்தது. கடைசிப் பல்லைப் பார்த்தேன். ரம்பம் இருந்தது. நீ சொன்னதுதான் சரி. மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. தலைவரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நடுவுல என்னம்மா அது?" என்றார்.

ஒவ்வொரு பல்லின் நுனியிலும், ரம்பத்துக்கு நடுவில், குட்டியாக ஒரு பள்ளம். பல்லெடுத்த இரண்டு நத்தைக்கும் இருக்கிறது (மூன்றாவதை உயிரோடு வைத்திருக்கிறேன்). இன்னும் கெட்டிப்படாத, ஒன்றையுமே கடித்திராத, பிறந்த பல்லிலேயே இருக்கிறது. மஞ்சள் கோட்டுக்காரனின் பல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அவனுக்கு ரம்பம் உண்டு, பள்ளம் இல்லை. முதல் நத்தையில் மிஞ்சிய பற்கள் தேய்ந்தவை என்பதால் இதுவும் தேய்ந்து மறைந்திருக்கிறது. என் பழைய கட்டுரை போயிருந்தால் இனம் சரி, அடையாளம் தப்பு என்று ஊரே சிரித்திருக்கும்.

புதுசு அண்ணா! இப்போது நிஜமாகவே புதுசு! தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விட மறந்துவிட்டார்.

அந்தப் பள்ளம் எதற்கென்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

நலமா? எல்லோரும் நலமா?

நண்டு

•

ஜூன் 5

நண்டே,

நலம், நலம், பரம நலம்! ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடித்த கையோடு படித்தேன். நான் போட்ட கூச்சலில் அந்த மனிதர், தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டேனோ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

பள்ளம் எதற்கென்றா கேட்கிறாய்? அம்மாவின் பிள்ளைதானா நீ? 'பள்ளம் இருக்கறதாலதான் நூல் வழுக்காம நிக்குது.' உன் நத்தை எதன் மேல் உட்கார்ந்திருந்தது? நூல் நூலாக ஏதோ என்று எழுதியது யார்? போய் அதன் வயிற்றைப் பார், போ!

அண்ணன்

•

ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

நலம். வயிற்றைப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கடித்த நூல்தான்! கயிற்றில் வளர்ந்திருந்தது பாசி இல்லை, தண்டு தண்டாக வளரும் ஒரு சின்ன உயிரி. உயிரோடு இருந்த ஒரு நத்தையைத் தட்டில் விட்டு, ஒரு தண்டைக் கொடுத்துப் பார்த்தேன். குனிந்தது, தண்டைப் பள்ளத்தில் வைத்தது, கடித்தது. சத்தம் கேட்கவில்லைதான். எனக்குக் கேட்டது.

கட்டுரை போய்விட்டது. பள்ளத்தின் பயனைச் சொன்னவர் என்று உன் பெயரை நன்றியில் போட்டிருக்கிறேன். 'பல் மருத்துவர்' என்று இருப்பதைப் பார்த்துப் பதிப்பாளர் ஏதோ தப்பு என்று அடிக்காமல் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம், அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அம்மா பெயரை வைக்கவில்லை. அம்மா பெயரில் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அதனால் இனங்களுக்குப் பெயர் வைக்கும் லத்தீன் மொழியில் 'நூல் கடிப்பவள்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு சொல்லைக் கட்டி வைத்திருக்கிறேன். நாலு மாடிக்கும் சொன்னவராயிற்றே, வருத்தப்படுவாரோ?

நண்டு

•

ஜூலை 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு யாவரும் நலம். உன் நலனுக்கு எப்போதும் என் ஆசி. கடலில் இறங்கும்போது ஜாக்கிரதை.

உன் அண்ணன் அரைமணி நேரம் சுற்றி வளைத்து, தொண்டையைக் கனைத்து, பெயர் மாறின சேதியைச் சொன்னான். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'இந்தா' என்றால் திரும்புவாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மார்ச் மாதம் அம்மா பல்லைப் பற்றி எழுதினானே, அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு டயர் புதுசா, தேய்ந்ததா என்று தெரியாதா? உன் படத்தைப் பார்த்துவிட்டு நானும் யோசித்தேன். அவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மென்று முழுங்கிக்கொண்டிருந்தான். அவன் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று, தினமும் அவன் எதிரே உட்கார்ந்து நத்தைக்கு எத்தனை விரல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மட்டும் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நாங்கள் இருவரும் இன்னும் அப்படியே உட்கார்ந்திருப்போம்.

மூன்றாம் மாடி அம்மாளிடம் சரியாகச் சொல்லிவிட்டேன். "நத்தைங்க. நூல் கடிக்கிற நத்தை" என்றேன். "அதுக்குப் பல்லு வேற உண்டா?" என்று கேட்டார். உட்கார வைத்து விளக்கினேன். அவர் காய்ச்சிக்கொண்டிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

நேற்று என் சட்டைப் பொத்தான் அறுந்தது. நானே தைத்தேன். பெட்டியில் கத்திரி இருந்தது, எடுக்கவில்லை. நூலைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். எத்தனை தரம் கடித்தாலும் வழுக்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பள்ளம் இல்லையே, மகளே.

இப்படிக்கு,
அப்பா